தயிர்சாதத்தில் ஒளித்த மருந்து

கொல்கத்தாவில், பெஹாலா பகுதியில், எங்கள் டிபன் கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. விடியற்காலை ஐந்தரைக்குக் கல்லில் முதல் தோசை விழும். பதினொரு மணிக்குக் காலை வியாபாரத்தை முடித்து, மாவு ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு மாடியேறுவேன். கீழே வந்துபோகிற நூறு பேரையும் திருப்திப்படுத்திவிடுவேன்; அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மேலே இருக்கும் ஒருத்திக்கு ஒரு தட்டுச் சோறு போட நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த ஒருத்தி என் மகள். வயது பத்தொன்பது ஆகிறது, இன்னமும் எங்களுக்குப் பாப்பாதான். மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். அந்த வார்த்தையோடு நாங்கள் போட்ட சண்டையெல்லாம் பழைய கதை, விடுங்கள். பேச்சு குறைவு. பேசினால் பாதி வங்காளம், பாதி தமிழ். ஒரு வார்த்தை, மிஞ்சினால் மூன்று வார்த்தை. ஆனால் சொல்ல வேண்டியதை அவள் சொல்லாமல் விட்டதாக எனக்கு நினைவில்லை. என் மனைவி அலிப்பூரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் அதிகாரி. ஒன்பது மணிக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். அதனால் பகல் முழுக்கப் பாப்பா என் பொறுப்பு. "ஆம்பளை என்னத்தைப் பாத்துக்குவான்?" என்று சொந்தக்காரர்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனில் கவலைப்படுவார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். வந்து பார்க்கட்டுமே.

வந்தால் முதலில் குளியலறைச் சுவரைக் காட்டுவேன். பல் தேய்ப்பதில் தொடங்கித் தலை துவட்டுவது வரைக்கும் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருக்கும். மாதவிலக்கு நாட்களுக்குத் தனியாக ஒரு வரிசை. பாடம் மனைவியுடையது, படம் என்னுடையது. என் கையில் மனுஷர்கள் எல்லாரும் கால் முளைத்த உருளைக்கிழங்கு மாதிரிதான் வருவார்கள். பாப்பா அதைக் குறையாகச் சொன்னதில்லை. முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் அலறுவாள், பாதத்தில் ஊற்றி மேலே வந்தால் அலறமாட்டாள் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நாலு வருஷம் பிடித்தது. நகவெட்டி விஷயத்தில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நாளுக்கு ஒரு விரல். பத்து நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும், உடனே அடுத்த சுற்று. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் நகம் வெட்டுகிற வீடு கொல்கத்தாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். இதெல்லாம் இன்றைக்கு அவள் தானே செய்துகொள்கிறாள். நான் வாசலில் நின்று செய்தித்தாள் படிப்பதோடு சரி.

சாப்பாடுதான் சிக்கல். அவள் சாப்பிடுவது ஐந்தே ஐந்து. தயிர்சாதம், சட்னி சாம்பார் எதுவும் தொடாத இட்லி, சுட்ட அப்பளம், வாழைப்பழம், பிஸ்கட். தயிர்சாதம் என்றால் கடுகு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது, இஞ்சி கிடையாது. வெள்ளை வெளேரென்று குழைந்திருக்க வேண்டும். என் கையால் தாளிக்காமல் ஒரு பொருள் வெளியே போகிறதா என்று ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும்?

இரண்டு வருஷம் முன்பு, ஒரு மழைக்காலம். பாப்பா மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார ஆரம்பித்தாள். முகம் வெளுத்துக்கிடந்தது. டாக்டரிடம் போனோம். இரத்தம் எடுக்க வேண்டும் என்றார். அந்தக் காட்சியை நான் விவரிக்கப் போவதில்லை. பிடிப்பதற்கு நாலு பேர் தேவைப்பட்டார்கள், அதில் ஒருவன் நான், அவ்வளவு போதும். கத்திக் கத்தி இரண்டு நாள் அவளுக்குக் குரலே இல்லை. முடிவு வந்தது: இரத்தத்தில் இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். தினமும் இரண்டு ஸ்பூன், மூன்று மாதம்.

முதல் ஸ்பூன் என் சட்டையில் விழுந்தது. இரண்டாவது சுவரில். மூன்றாவதற்கு அவள் வாயையே திறக்கவில்லை. பழுப்பாக, துருப்பிடித்த ஆணியை ஊறவைத்த தண்ணீர் போல இருக்கும் அந்த மருந்து. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மருந்து போகாவிட்டால் இரத்தம் ஏறாது, இரத்தம் ஏறாவிட்டால் மறுபடியும் ஊசி. மறுபடியும் நாலு பேர்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தமிழன் மூளை வேறு எங்கே போகும்? நேராகத் தயிர்சாதத்துக்குத்தான் போயிற்று. காய்ச்சலா, தயிர்சாதம். பிரயாணமா, தயிர்சாதம். கசப்பு மாத்திரையா, பொடித்துத் தயிர்சாதத்தில் போடு. நான் சின்ன வயதில் விழுங்கிய மாத்திரையெல்லாம் அப்படித்தான் உள்ளே போனது. எங்கள் தெரு நாய்க்குக்கூட நான் பூச்சி மருந்து கொடுத்தது தயிர்சாத உருண்டையில்தான். ஆகவே பாப்பாவின் சாதத்தில் கெட்டித்தயிராக இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டு, மருந்தை முதலில் அரை ஸ்பூன், அடுத்த நாள் ஒன்று என்று ஏற்றினேன். பால் கொஞ்சம் விட்டு நிறத்தைச் சரிக்கட்டினேன். முப்பது வருஷம் அடுப்படியில் நின்றவனுக்கு இது ஒரு பெரிய வித்தையா?

முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இதுல என்ன?" என்றாள்.

"தயிர், சோறு, உப்பு. வேற ஒண்ணுமில்ல கண்ணு."

கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவள் சாப்பிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு இந்த மாதிரி குறுக்குவழி எல்லாம் பிடிக்காது. மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையில் நல்ல முடிவு வரும்போது சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது நாலு நாள்கூடத் தாங்கவில்லை. நாலாம் நாள் சரியாகக் கலக்காமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. சாதத்தின் நடுவில் பழுப்பாக ஒரு கோடு. பாப்பா ஸ்பூனால் அதை விலக்கினாள். முகர்ந்தாள். எழுந்து போய் அலமாரியில் பாத்திரங்களுக்குப் பின்னால் நான் தள்ளிவைத்திருந்த சிரப் பாட்டிலை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து அதை முகர்ந்தாள், மறுபடி தட்டை முகர்ந்தாள். பிறகு இரண்டையும் என் முன்னால் வைத்தாள்.

"அப்பா. மித்தே கொதா."

பொய்ப் பேச்சு என்று அர்த்தம். வங்காளத்தில் குழந்தைகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் சாதாரண வார்த்தைதான். அவள் கத்தவில்லை, அழவில்லை. தட்டைத் தொட்டித் தண்ணீரில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

அன்று சாயங்காலம் புதிதாகக் கலந்து வைத்தேன். தொடவில்லை. மறுநாள் காலை இட்லி. தொடவில்லை. அப்பளம்கூட வேண்டாம். என் கையில் இருந்து வருகிற எதையும் அவள் வாயருகே கொண்டுபோகவில்லை. பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டைத் தானே கிழித்து அதில் நாலு தின்பாள். வாழைப்பழத்தைத் தானே உரித்துப் பாதி தின்பாள். தண்ணீர்கூடக் குழாயில் தானே பிடித்தாள். இரண்டு நாள், மூன்று நாள், ஐந்து நாள். "என்னங்க இது, சாப்பாட்டையே தொட மாட்டேங்கறா?" என்றாள் மனைவி. "மழைக்கு மந்தமா இருக்கும்," என்றேன். பாருங்கள், இரண்டாவது பொய். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் தானாக வந்து வாயில் உட்கார்ந்துகொள்கிறது.

கெஞ்சினேன். "ஒரே ஒரு வாய்டா தங்கம்" என்று ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கப் பின்னால் அலைந்தேன். எதிர்வீட்டு மாஷிமா ஒரு கிண்ணத்தில் பாயசத்தோடு வந்து, "நான் ஊட்டறேன், எங்கிட்ட சாப்பிடுவா" என்று சவால் விட்டார். தெருவுக்கே பெரியம்மா மாதிரி அவர். பாப்பா அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். மாஷிமா கிண்ணத்தோடு என் பக்கம் திரும்பினார். "ஆன்னா, ஊருக்கெல்லாம் தோசை சுட்டுப் போடறே, உன் பொண்ணு காஞ்சு கருவாடா ஆயிட்டு வர்றாளே!" அவர் வங்காளத்தில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன், கருவாடு மட்டும் என் சரக்கு; 'அண்ணா'தான் அவர் வாயில் 'ஆன்னா'.

ஏழாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "சாப்பிடுடி! செத்துப்போவப் போறியா?" என்று கத்தியபடி கையில் இருந்த கரண்டியைத் தரையில் அடித்தேன். பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரம். உள்ளே ஒரு சத்தம் இல்லை. நான் வெளியே தரையில் உட்கார்ந்து, கதவுக்குக் கீழே தெரிந்த அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோபம் எங்கள் பரம்பரைச் சொத்து, வேறு எதுவும் பெரிதாக வரவில்லை. அன்றைக்கு அதை வெட்டிப் போட ஒரு கத்தி இருந்தால் வெட்டியிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை மறுபடி டாக்டர். எடை பார்த்தார். மூன்று கிலோ குறைந்திருந்தது. ஏற்கெனவே ஒல்லிப் பிள்ளை. டாக்டர் முகம் மாறிவிட்டது. "சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேட்டார். மனைவி இல்லை என்று தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். மூன்றாவது பொய்.

பாப்பா அதுவரைக்கும் மேசையில் இருந்த காகிதங்களை விளிம்பு சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரின் பின்னால் அலமாரியில் மருந்து பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவள் எழுந்து போய் எங்கள் வீட்டில் இருக்கும் அதே சிரப்பைச் சரியாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தொய்," என்றாள். தயிர். பிறகு விரலை நேராக என் மேல் நீட்டினாள். "அப்பா. தொய்."

சாட்சி சொல்லிவிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார், மனைவி என்னைப் பார்த்தாள். சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படம்கூட என்னைத்தான் பார்த்தது. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "தயிரிலா? ஐயோ, இந்த மருந்து பால், தயிரோட போனா உடம்பில் சரியா ஒட்டாது. எலுமிச்சம் சாறோட கொடுத்திருக்கணும்." அவருக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா, தெரியவில்லை.

அதாவது நான் பொய் சொன்னதும் வீண், கலந்ததும் வீண். உள்ளே போனதும் வீண். உலகத்தில் எத்தனையோ சாப்பாடு இருக்கிறது, ஒளித்துவைக்க உதவாத ஒன்றில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறேன். தயிர்சாதத்தைத் தெய்வமாகக் கும்பிடுகிற கூட்டத்தில் பிறந்தவனைத் தவிர வேறு யாருக்கும் இந்த முட்டாள்தனம் வராது.

ஒரு வாரம் தவணை கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கலாம் என்றார். இரத்தம் எடுக்கவே நாலு பேர் பிடித்த பிள்ளைக்கு மூக்கில் குழாய். எத்தனை பேர் பிடிப்பார்கள்? எத்தனை நாள் பிடித்துவைப்பார்கள்?

வீட்டுக்கு வந்து, பாப்பா அறைக்குள் போனபிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க மருந்துக் கடையையே மறைச்சிருக்கீங்க. அதுவும் எங்கிட்டயும் சேர்த்து."

"பயந்துட்டேன்," என்றேன். அது மட்டும் உண்மை.

"நானும்தான் பயந்தேன். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு டீ போடப் போனாள்.

பாப்பா வாரம் மூன்று நாள் போகிற பயிற்சிக்கூடம் ஜாதவ்பூர்ப் பக்கம் இருக்கிறது. அங்கே அவளுடைய டீச்சர் ஒரு சின்னப் பெண், என் தோசைக்கல்லைவிட வயது குறைவு. திங்கட்கிழமை அவளிடம் போய் நின்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவள் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. "அவள் என்ன சாப்பிடுகிறாள்?" என்று கேட்டாள். பிஸ்கட், வாழைப்பழம் என்றேன். "இரண்டும் மூடியிருக்கிறது, பார்த்தீர்களா? அவளே திறக்கிறாள். மூடியிருப்பதை நம்புகிறாள். திறந்திருப்பதை நம்பவில்லை." அங்கிருந்து ஆரம்பியுங்கள் என்றாள். எதையும் ஒளிக்காதீர்கள். ஒரு வாய், ஒரு வாய் என்று துரத்தாதீர்கள். சாப்பிட்டால் கைதட்டாதீர்கள். சாப்பிடாவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். "அதுக்கு முன்னால அவகிட்ட மன்னிப்பு கேளுங்க அங்கிள்."

பெற்ற பெண்ணிடம் மன்னிப்பா? எங்கள் வம்சத்தில் கேள்விப்பட்டதுண்டா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, சிரப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பாப்பா எதிரே தரையில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று யோசித்து ஒரு தாளில் படமும் போட்டிருந்தேன். கரண்டி பிடித்த பெரிய உருளைக்கிழங்கு ஒன்று, அது நான். கையில் பாட்டில், பக்கத்தில் சாதத் தட்டு. "பாப்பா, அப்பா இந்த மருந்தைத் தயிர்சாதத்துல கலந்தேன். நீ கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். அது பொய். தப்பு என்மேலதான். இனிமே கலக்க மாட்டேன்."

பாப்பா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பாட்டிலை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் பினாயில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அது சரியான இடம்தான் என்று எனக்கும் பட்டது.

அன்று சாயங்காலமே அவளையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். எல்லாம் மூடி ஒட்டியதாக வாங்கினோம்: ஒரு கிலோ அரிசி பாக்கெட், பால் பாக்கெட், உப்பு பாக்கெட். வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி வைத்திருப்பவன் பாக்கெட் அரிசி வாங்குவதைப் பார்த்து மளிகைக்காரர் "கடை ஏதும் மூடப் போறீங்களா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

தயிருக்கு என்ன செய்வது என்பதில்தான் என் கர்வம் மொத்தமும் மாட்டிக்கொண்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வாரத்தில் ஊற்றிய உறை, ஒரு நாள் விடாமல் இருபத்து மூன்று வருஷமாக ஒரு பாத்திரத்திலிருந்து அடுத்த பாத்திரத்துக்கு வந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் கடைக்குப் போய்த் தயிர் கேட்டால் சர்க்கரை போட்டதைத்தான் பெருமையாக எடுத்துக் கொடுப்பார்கள். கடைத்தயிர் என் வாசல்படி ஏறாது என்று எத்தனை பேரிடம் மார்தட்டியிருக்கிறேன். ஆனால் பாப்பா அந்தப் பழைய தயிர்ப் பாத்திரத்தைக் கண்டாலே பின்னால் நகர்ந்தாள். தட்டில்தான் கலந்தேன், பாத்திரத்தில் இல்லை என்று அவளிடம் சொல்லலாம்தான். அவள் எதற்கு நம்ப வேண்டும்? அவள் கண் முன்னாலேயே பாத்திரத்தைக் கவிழ்த்துத் தொட்டியில் கொட்டினேன். குழாயைத் திறந்துவிட்டேன். போயிற்று. பிறகு சர்க்கரை போடாத கடைத்தயிர், காகிதம் ஒட்டிய சின்னக் கப், அதை அவள் கையில் கொடுத்தேன்.

பால் பாக்கெட்டை அவள் கத்தரித்தாள். நான் காய்ச்சினேன், அவள் அடுப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறியதும் கப்பைக் கிழித்து ஒரு ஸ்பூன் எடுத்து அவளே உறை ஊற்றினாள், மூடியும் அவளே போட்டாள். மூடியின் மேல் தன் தலைமுடி ரிப்பனைக் கட்டி முடிச்சுப் போட்டாள். யாராவது திறந்தால் தெரிந்துவிடும் அல்லவா. புத்திசாலி, என் மகள்.

மறுநாள் காலை முடிச்சு அப்படியே இருந்தது. சாதத்தை அவள் குழைத்தாள், தயிரை அவள் போட்டாள், உப்பை அவள் போட்டாள். அதிகமாகவே போட்டாள், நான் வாயைத் திறக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனாள், முகர்ந்தாள், அப்படியே வைத்துவிட்டாள். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு மூன்று ஸ்பூன் சாப்பிட்டாள். கைதட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால் நான் மாடிப்படியில் இறங்கிக் கடையின் பின்பக்கம் போய், மாவு அரைக்கும் கிரைண்டர் பக்கத்தில் நின்று அழுதேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அரைத் தட்டு. இரண்டு வேளை.

சனிக்கிழமை எடை இறங்கவில்லை. நூறு கிராம் கூடியிருந்தது. "போதும், வீட்டிலேயே இருங்கள்," என்றார் டாக்டர். என் மனைவி அவர் மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டாள். பாப்பா அவள் ஜடையை எடுத்து நேராக வைத்தாள்.

மருந்துப் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. இந்த முறை ஒளிவு மறைவு கிடையாது. சிரப், எலுமிச்சம் சாறு, ஒரு டம்ளர் தண்ணீர், மூன்றும் மேசைமேல் தனித்தனியாக. "இது மருந்து. நாத்தமா இருக்கும். படி ஏறறப்ப மயக்கம் வராம இருக்க இது வேணும்," என்று தினமும் நாலு மணிக்குச் சொல்வேன். அவள் தினமும் எழுந்து போய்விடுவாள். பத்து நாள் இதே கூத்து. பதினோராம் நாள் நானே ஒரு ஸ்பூன் வாயில் விட்டுப் பார்த்தேன். சீச்சீ! அப்படி ஒரு கண்றாவியை என் ஜென்மத்தில் ருசித்ததில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் நாலு மணிக்குத் தானே அளந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கி, எலுமிச்சம் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்து, ஓடிப்போய் வாய் கொப்பளித்தாள். "பாஜே," என்றாள். மோசம் என்று அர்த்தம். "மகா மோசம்," என்றேன். அப்படியே மூன்று மாதமும் ஓடியது.

மறுபடி இரத்தம் எடுக்க வேண்டிய நாள் வந்தபோது அதையும் ஒரு வாரம் முன்பே படம் போட்டுச் சொல்லிவிட்டோம். ஊசி குத்தும், வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். வலிக்காது என்று நர்ஸ் சொல்ல வந்தபோது என் மனைவி தடுத்துவிட்டாள். அன்றைக்கு யாரும் அவளைப் பிடிக்கவில்லை. பாப்பா எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். பத்து வரைக்கும் வங்காளத்தில் உரக்க எண்ணினாள். ஏழிலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் பத்து வரைக்கும் எண்ணித்தான் எழுந்தாள். இரத்தம் ஏறியிருந்தது.

ஆனால் என் கையால் கலந்ததை அவள் சாப்பிடவில்லை. ஒன்றரை வருஷம். ஒவ்வொரு நாளும் அவளே பிரிப்பாள், அவளே கலப்பாள், அவள் பார்க்காமல் எதுவும் அவள் தட்டுக்குப் போகாது. நல்ல விஷயம்தானே என்று எல்லாரும் சொன்னார்கள். தானே சமைத்துக்கொள்கிறாள், குக்கரில் எத்தனை விசில் என்று எண்ணுகிறாள், அப்பளம் கருகாமல் சுடுகிறாள். பயிற்சிக்கூடத்தில் டிபன் டப்பாவைத் தானே கட்டிக்கொண்டு வருகிற ஒரே ஆள் அவள்தானாம். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். அவளோடு அடுப்படியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது கீழே கடையில் நிற்பதைவிட எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் சில நாள் மத்தியானம் என் கை சும்மா இருக்கும்போது மனதுக்குள் ஒரு பொத்தல் இருப்பது தெரியும். சோறு போடுகிற தொழில்காரன். சொந்தப் பிள்ளைக்குப் போட முடியவில்லை. அந்தத் தண்டனை எத்தனை வருஷத்துக்கு என்று அவள்தான் தீர்மானிக்க வேண்டும், நான் கேட்க முடியாது.

போன மார்கழியில் ஒரு நாள். கடையில் கூட்டம், மாடியேற ஒரு மணி ஆகிவிட்டது. பாப்பா குளித்துக்கொண்டிருந்தாள், பாதத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பசி தாங்காமல் நான் பாத்திரத்தில் இருந்த சாதத்தை எடுத்து, தயிர் விட்டுப் பிசைந்து, ஜன்னல் வெயிலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். நாலு வாய் போயிருக்கும். தலையில் துண்டோடு பாப்பா வந்தாள். என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஸ்பூன்கூட எடுக்கவில்லை, கையாலேயே எடுத்து வாயில் போட்டாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. இன்னொரு தடவை அவளை ஏமாற்றியதாக ஆகிவிடக் கூடாதே.

"பாப்பா," என்றேன். "நீ குளிக்கறப்ப அப்பா கலந்தது. நீ பாக்கல."

அவள் அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"தெரியும்."

தட்டில் கடைசியாக ஒரே ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. அதை என் பக்கம் தள்ளிவிட்டுத் தலை துவட்டப் போய்விட்டாள்.